வாசல் விளக்கு வேலைக்கு வந்த இருவர்: ஒரு மின்னிணைப்புச் சேவை மதிப்புரை

சென்ற தீபாவளிக்கு முன்பு, எங்கள் வீட்டு வாயில் தூண்களில் இரண்டு விளக்குகள், துளசி மாடத்தின் அருகே ஒரு விளக்கு, கார் நிற்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் ஆகியவற்றைப் பொருத்துவதற்கு ஒருவரை அழைத்தோம். டிசம்பர் மழையில் அந்த வேலை கெட்டுப்போனது. அதைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாகச் செய்துதர இன்னொருவரை அழைத்தோம். முதலாமவருக்குக் கொடுத்தது 520 சிங்கப்பூர் வெள்ளி. இரண்டாமவருக்கு 1,480 வெள்ளி. இந்த மதிப்புரை இரண்டாமவரின் சேவையைப் பற்றியது. ஆனால் முதலாமவர் செய்துவைத்திருந்ததைச் சொல்லாவிட்டால் இரண்டாமவர் கேட்ட விலையின் நியாயம் விளங்காது. இருவர் பெயரையும் எழுதப்போவதில்லை. முதலாமவரைப் பெயர் சொல்லித் தூற்றும் எண்ணம் எனக்கில்லை; இரண்டாமவரோ தம் பெயரைப் போட வேண்டாமென்று தாமே கேட்டுக்கொண்டார், இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லையாம்.

எங்களுடையது சிங்கப்பூரின் சிலேத்தார் ஹில்ஸ் பகுதியில் உள்ள பழைய வரிசை வீடு. என் அம்மா அந்தியில் துளசி மாடத்தில் விளக்கேற்றுவார். அங்கே வெளிச்சம் போதாமல் ஒருமுறை வழுக்கி விழப்பார்த்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினோம். தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த முதலாமவர் வீட்டுச் சில்லறை வேலைகள் எல்லாம் செய்பவர்: குழாய் மாற்றுவார், கதவுக் கீல் சரிசெய்வார், மின்விசிறி மாட்டுவார். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். உரிமம் உண்டா என்று நான் கேட்டதற்கு, வீட்டுக்கு உள்ளே சுவரை உடைத்துச் செய்தால்தான் அதெல்லாம் வேண்டும், வெளியே நான்கு விளக்கு மாட்டுவதற்கு எந்த விதியும் இல்லை என்றார். நானும் நம்பினேன். நம்பியதற்கு ஒரு காரணமும் இருந்தது; அதைச் சொல்லிவிடுகிறேன்.

லண்டனுக்கு அருகே ஹாரோவில் இருக்கும் என் தங்கை மகன், தன் வீட்டுத் தோட்டத்தில் தானே விளக்கு போட்டதாகவும், 2013-க்குப் பிறகு அங்கே அதற்கு நகராட்சிக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்றும் சொல்லியிருந்தான். அவன் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியிருப்புகளின் மின்வேலையைக் கட்டட விதிமுறைகளுக்குள் கொண்டுவந்த ‘பார்ட் பி’ (Part P) என்னும் பகுதி 2005 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. வீட்டிலிருந்து மின்சாரம் பெறும் தோட்டம், கொட்டகை போன்றவையும் அதில் அடங்கும். 2013 ஏப்ரலில் இங்கிலாந்து செய்த திருத்தம், எந்தெந்த வேலைகளை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியலைச் சுருக்கியது. புதிய மின்சுற்று அமைப்பது, பிரேக்கர் பெட்டியை மாற்றுவது, குளியலறை, நீச்சல்குளம் போன்ற ஈரமான இடங்களில் கூடுதல் இணைப்பு கொடுப்பது ஆகியவை பட்டியலில் நின்றன; ஏற்கனவே உள்ள சுற்றிலிருந்து தோட்டத்திற்கு ஒரு விளக்கை நீட்டுவது வெளியேறியது. வேல்ஸ் அந்தத் திருத்தத்தை ஏற்காததால் அங்கே வெளிப்புற வேலை பட்டியலிலேயே இருக்கிறது. இதில் எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: தெரிவிக்கத் தேவையில்லை என்பதற்கு, எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொருள் இல்லை. தெரிவிக்காமல் செய்யும் வேலையும் பாதுகாப்பாக வடிவமைத்துப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற கடமை அங்கே அப்படியே இருக்கிறது. மருமகன் அந்த இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அது எப்படியிருந்தாலும், அது அவர்கள் ஊர்ச் சட்டம். நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கட்டட விதிகளில் தேடினால் தவறான கதவைத் தட்டுகிறோம் என்பதை இரண்டாமவர்தான் எனக்குப் புரியவைத்தார். கார் நிறுத்துமிடத்திற்குக் கூரை போடுவது, சுவரை நகர்த்துவது போன்றவை என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டட, கட்டுமான ஆணையம் என்று அலைய வேண்டியிருக்கும். கம்பி இழுத்து விளக்கு மாட்டுவதை ஆள்வது மின்சாரச் சட்டம். அதை நடத்துவது 2001-இல் அமைந்த எரிசக்திச் சந்தை ஆணையம். மின்வேலையை அந்த ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டும், அல்லது அவருடைய மேற்பார்வையில் இன்னொருவர் செய்யலாம். சுவருக்கு உள்ளே, வெளியே என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. மீட்டரிலிருந்து கிளம்பும் மின்சாரம் துளசி மாடம் வரை போனால் துளசி மாடம் வரை அது வீட்டின் மின்னமைப்பு. வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது எஸ்எஸ் 638 என்னும் சிங்கப்பூர்த் தரம். நெடுங்காலம் சிபி 5 என்று வழங்கிவந்த நடைமுறை விதித்தொகுப்பின் இடத்தை 2018-இல் அது எடுத்துக்கொண்டது. பழைய கைகள் இன்றும் ‘சிபி ஃபைவ்’ என்றே சொல்கிறார்கள். நம் இரண்டாமவரும் அப்படித்தான்.

இனி டிசம்பருக்கு வருகிறேன். மழை விடாமல் பெய்த ஓர் இரவில் வீடு முழுவதும் மின்சாரம் போனது. பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து பார்த்தால், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபியின் விசை கீழே விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது. காலையில் மழை நின்று இரண்டு மணிநேரம் கழித்துத் தூக்கிவிட்டபோது விழாமல் நின்றுகொண்டது. அடுத்த மழைக்கு மீண்டும் விழுந்தது. மூன்றாம் முறை நாங்கள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது உறைபெட்டியில் இருந்த ஆட்டிறைச்சியும் மீனும் வீணாகி, சமையலறைக்குள் நுழைய முடியாத நிலை. முதலாமவரை அழைத்தேன். ஆர்சிசிபி பழையதாகிவிட்டது, அதை மாற்றினால் போதும் என்று தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் பேசுவதில் பயனில்லை என்று தோன்றியது.

இரண்டாமவரை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையப்பக்கத்தில் சரிபார்த்த பிறகே வரச்சொன்னேன். உரிமம் பெற்ற மின்பணியாளர்களை அங்கே தேடிப் பார்க்கலாம்; இரண்டு நிமிட வேலை. உரிமத்தில் மூன்று வகை உண்டு: மின்வினைஞர், மின் தொழில்நுட்பர், மின் பொறியாளர். மின்வினைஞர் கையாளக்கூடிய மின்னமைப்பின் உச்சம் 45 கிலோவோல்ட் ஆம்பியர். எங்கள் வீட்டு இணைப்பு ஒற்றைக் கட்டத்தில் (சிங்கிள் ஃபேஸ்) 63 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 14.5 கிலோவோல்ட் ஆம்பியர்தான் வருகிறது. ஆகவே சாதாரண வீட்டுக்கு மின்வினைஞரே போதும். பொறியாளரைத் தேடிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வந்தவர் அறுபதைத் தாண்டிய சீனர். பேச்சு மிகக் குறைவு. கூடவே அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் உதவியாளராக வந்தார். சொல்லாமலேயே உரிம அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, விளக்குகளைத் திரும்பியும் பாராமல் நேரே டிபி பெட்டியிடம் போனார். அங்கேயே அரைமணி நேரம் நின்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பழுது வெளியே இருக்கும்போது இவர் ஏன் உள்ளே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மனைவியிடம் முணுமுணுத்தேன். பிறகுதான் தெரிந்தது, முதலாமவர் வெளி விளக்குகளுக்கான மின்சாரத்தைக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயிண்டிலிருந்து எடுத்து, சன்னல் சட்டத்தில் ஒரு துளை போட்டு வெளியே இழுத்திருந்தார். அந்தச் சுற்றைத் தனியே பிரித்துக் கருவியை வைத்து இவர் அளந்தபோது, 500 வோல்ட் அழுத்தத்தில் கம்பி உறையின் மின்தடை 0.02 மெகா ஓம் என்று காட்டியது. குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும். அன்று நல்ல வெயில். ஒரு வாரமாக மழையே இல்லை. வெயில் நாளிலேயே இந்த நிலை என்றால் 230 வோல்ட்டில் பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆர்சிசிபி செய்யும் வேலையை இங்கே சொல்லிவிட்டால் மற்றது விளங்கும். லைவ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இடையில் 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், அதாவது ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனித உடல் வழியாகவோ, தரைக்குப் போனால் அது மின்சாரத்தை வெட்டிவிடும். எங்கள் வீட்டில் அது பழுதாகவே இல்லை. மழைநாளில் கசிவு 30-ஐ நெருங்கியதும் விழுந்து, காய்ந்த பிறகு தூக்கிவிட்டால் நின்று, தன் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. முதலாமவர் சொன்னபடி அதை மாற்றியிருந்தால் புதியதும் விழுந்திருக்கும். எரிச்சலில் அதைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லியிருப்போமோ என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

தூணில் இருந்த பெட்டியைத் திறந்தது உதவியாளர்தான். மூடியைச் சுற்றி வெள்ளை சிலிகான் தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. அதைக் கத்தியால் கீறி எடுத்தார். உள்ளே பல்லி முட்டை இரண்டு, காய்ந்த எறும்புக் கூட்டம், அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர். செப்புக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. “அண்ணே, இது வீட்டுக்குள்ள மாட்டுற பெட்டிண்ணே. சிலிகான் பூசினா மழை உள்ள போகாதுன்னு நெனச்சிருக்காரு. போன தண்ணி வெளிய வர முடியாமப் போச்சு” என்றார். மேலே இறுக்கமாக அடைத்துவிட்டதால், கம்பி நுழையும் துளை வழியாக இறங்கிய நீர் வடிய வழியில்லாமல் தங்கிவிட்டது. வெளியில் மாட்டும் பெட்டிக்கு நீர்புகாத் தரக் குறியீடு இருக்கும். ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் இரண்டு எண்களில் முதலாவது தூசியையும் இரண்டாவது தண்ணீரையும் குறிக்கும். ஐபி44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபி65 என்றால் தூசியே புகாது, குழாயில் பீய்ச்சும் நீரையும் தாங்கும். ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்யும், 171 நாள்கள் மழைநாள்களாக இருக்கும் ஊரில், கூரைக்கு வெளியே நிற்கும் தூணில் எதை மாட்ட வேண்டும் என்பது கடினமான கேள்வி இல்லை.

அடுத்து அவர் காட்டியதுதான் என்னை உட்கார வைத்தது. துளசி மாடத்தின் அருகே இருந்த விளக்கு, நாங்களே பாலஸ்டியர் சாலைக் கடை ஒன்றில் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த வார்ப்பிரும்புக் கம்ப விளக்கு. அதன் அடியில் எர்த் கம்பி இணைப்பதற்கென்று ஒரு திருகு தெளிவாக இருந்தது. அந்தத் திருகில் எதுவும் இல்லை. முதலாமவர் இழுத்திருந்த கம்பியில் இரண்டே இழைகள்: லைவ், நியூட்ரல். விளக்குக்குள் ஏதேனும் ஒரு கம்பி உராய்ந்து இரும்பைத் தொட்டிருந்தால் கம்பம் முழுவதும் 230 வோல்ட் நின்றிருக்கும். எர்த் வழியாகத் தரைக்குப் போய் ஆர்சிசிபியை விழச்செய்யும் வழி இல்லாததால், யாராவது தொடும்வரை அது அப்படியே காத்திருக்கும். என் அம்மா தினமும் குளித்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலுடன், இடக்கையால் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்து விளக்கேற்றுவார். உதவியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க” என்று என் மனைவியிடம் சொன்னார்.

இன்னொரு சிக்கலும் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் வீட்டில் உள்ள பழைய கம்பிகள் சிவப்பும் கறுப்பும்: சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். சிங்கப்பூரில் 2009-இல் நிறங்கள் மாறின. இப்போது பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். மூன்று கட்ட இணைப்புகளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் லைவ். எர்த் மட்டும் பச்சையும் மஞ்சளும் கலந்த அதே நிறம். பழைய முறையில் நீலம் ஒரு லைவ் கம்பியின் நிறம், புதிய முறையில் அது நியூட்ரல். பழைய கறுப்பு நியூட்ரல், புதிய கறுப்பு லைவாகவும் இருக்கலாம். இரண்டு முறைகளும் ஒரே பெட்டியில் சந்திக்கும்போது நிறத்தை நம்பி வேலை செய்தால் என்னவாகும் என்பதற்கு எங்கள் தூண் சாட்சி: லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணைந்தது, ஆனால் விளக்குக்குள் மின்சாரம் நின்றுகொண்டே இருந்தது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

பழைய வேலை முழுவதையும் கழற்றினார்கள். புதிய வேலை இரண்டு நாள் நடந்தது. டிபி பெட்டியிலிருந்து வெளிப்புறத்திற்கென்று தனிச் சுற்று, அதற்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்புடன் ஒரு பிரேக்கர். நான் கொடுத்த பணத்தில் மிகவும் பயனுள்ள செலவு இதுதான். வீட்டுக்கு ஒரே ஆர்சிசிபி இருந்தால் வாசல் விளக்கில் கசியும் மின்சாரம் உறைபெட்டியையும் சேர்த்து நிறுத்திவிடும். வீட்டு ஆர்சிசிபிக்குக் கீழே இன்னொன்றை வரிசையாகப் போட்டால் இரண்டில் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது என்பதால், வெளிச் சுற்றை அதற்கு முன்னாலேயே பிரித்து எடுத்தார். இப்போது வெளியே கசிந்தால் வெளியே மட்டும் அணையும். மீன் தப்பிக்கும்.

சுவரோரமாகப் போகும் பகுதிக்குத் தடித்த பிவிசி குழாய். மண்ணுக்குள் போகும் ஒன்பது மீட்டருக்கு, எஃகுக் கம்பிகள் சுற்றிய கவசக் கேபிள். ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்தில் பள்ளம் வெட்டி, கேபிளுக்கு மேல் மணல் பரப்பி, அதற்கு மேல் மஞ்சள் எச்சரிக்கைப் பட்டையை விரித்து மூடினார்கள். பள்ளம் வெட்டும் முன் மீட்டரிலிருந்து சாலைக்குப் போகும் முதன்மைக் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பெரியவர் பார்த்து, அந்தப் பக்கமே போகாமல் வழியை வளைத்தார். பூமிக்குள் உள்ள மின்கம்பிகளைக் கண்டறிவதற்கென்றே எரிசக்திச் சந்தை ஆணையம் தனி உரிமம் கொடுக்கிறது என்பதும், இயந்திரம் வைத்துத் தோண்டும் பெரிய வேலை என்றால் அப்படிப்பட்டவரை அழைக்க வேண்டியிருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் பள்ளத்தை அறந்தாங்கித் தம்பி மண்வெட்டியால் பொறுமையாக வெட்டினார். கேபிள் பெட்டிக்குள் நுழையும் ஒவ்வோர் இடத்திலும் கேபிளைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைக் கிளாண்டு பொருத்தி இறுக்கினார். கம்பி மேலிருந்து நுழையக் கூடாது, கீழிருந்து மேலேறி நுழைய வேண்டும். அப்போதுதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கும் தண்ணீர் பெட்டிக்குள் போகாமல் வளைவில் சொட்டிவிடும் என்று விளக்கினார். பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு சிறு துளையும் இருக்கிறது. சிலிகான் எங்குமே இல்லை.

துளசி மாடத்திற்கு என் ஆசை வார்ப்பிரும்பு விளக்கை மறுபடியும் வைக்கப் பெரியவர் மறுக்கவில்லை; எர்த் கொடுத்து வைக்கலாம் என்றார். ஆனால் தினமும் ஈரக் கையோடு தொடும் இடம் என்று நான் சொன்னதும், 12 வோல்ட்டில் எரியும் சிறு விளக்கையும், அதற்கான மின்மாற்றியை மழை படாமல் போர்டிகோ கூரைக்குள் வைப்பதையும் பரிந்துரைத்தார். ஏற்றுக்கொண்டோம். வார்ப்பிரும்பு விளக்கு இப்போது கூடத்தில் அலங்காரப் பொருளாக நிற்கிறது. 180 வெள்ளி கொடுத்து வாங்கியது, வேறென்ன செய்வது?

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் சொன்ன தேதிக்கு அவர் வரவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போனது, அதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார். குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரே வரியில் பதில், அதுவும் மறுநாள். சுவரில் வெட்டிய காடியைச் சிமெண்டால் பூசினார்களே தவிர வண்ணம் அடித்துத் தரவில்லை. விலைப்பட்டியலில் அது இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் முன்பே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். முதல் நாள் பள்ளம் வெட்டும்போது பெரியவர் இரண்டு மணிநேரம் வேறெங்கோ போய்விட்டார். மண் வெட்டுவது மின்வேலை ஆகாது என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பி இணைக்கும் நேரம் முழுவதும் அவர் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு திருகையும் தம்பி இறுக்கிய பிறகு தாமும் ஒருமுறை திருகிப் பார்த்தார். உரிமம் உள்ளவர் பெயரைக் காட்டிவிட்டு ஆளை மட்டும் அனுப்பும் இடங்களும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். வேலை எடுப்பவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது: உரிமம் யாருடையது, அவர் வேலை நடக்கும்போது இங்கே இருப்பாரா.

சோதனை அறிக்கைக்கு மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. வந்தபோது ஒழுங்காக வந்தது: கம்பி உறையின் மின்தடை, எர்த் தொடர்ச்சி, லைவ்–நியூட்ரல் சரியான இடத்தில் இருப்பது, ஆர்சிசிபி எத்தனை மில்லி விநாடியில் விழுந்தது ஆகிய எல்லாம் எழுதி, உரிம எண்ணோடு கையொப்பம் இட்டிருந்தார். அதோடு, மண்ணுக்குள் கேபிள் போகும் வழியைச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி என்று குறித்த கைவரைபடம் ஒன்றும் இருந்தது. அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. டிபி பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். அடுத்த முறை வாழைக்கன்று வைக்க அம்மா ஆள் கூப்பிடும்போது தேவைப்படும்.

விலையைப் பொறுத்தவரை, முதலாமவர் வாங்கிய 520 வெள்ளியும் வீணாகிப்போன விளக்கும் இறைச்சியும் சேர்ந்தால் இரண்டாமவரின் கட்டணத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 900 வெள்ளி சொன்னார். தனிச் சுற்றும் கவசக் கேபிளும் அதில் இல்லை. இன்னொருவர் வந்து பார்க்காமலேயே 2,200 என்றார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்ள ஒன்றிரண்டு இருக்கலாம். உங்கள் கதவுக்கு வெளியே இருக்கும் நடைபாதை உங்கள் வீட்டின் பகுதி இல்லை, அது பொது இடம்; அங்கே நிலையாகக் கம்பி இழுத்து விளக்குப் போடும் எண்ணம் இருந்தால் நகர மன்றத்தைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தீ விபத்தின்போது ஆள்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் திறந்திருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தீபாவளிக்குத் தேக்காவில் வாங்கும் விளக்குச் சரத்தின் பெட்டியில் உட்புறப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கும்; சாரல் அடிக்கும் நடைபாதைக் கம்பிச் சட்டத்தில் அதைக் கட்டுவது உட்புறம் ஆகாது. செருகியிலும் நீட்டிப்புக் கம்பியிலும் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று ஒரு நொடி திருப்பிப் பார்த்து வாங்கலாம். ஆர்சிசிபி இல்லாத பழைய வீடுகள், குறிப்பாக 1985 ஜூலைக்கு முன்பு கட்டப்பட்டவை, அதைப் பொருத்தியாக வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்து, கொடுத்திருந்த இரண்டாண்டு அவகாசமும் முடிந்துவிட்டது. இருக்கிற ஆர்சிசிபியையும் மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டார். மாதப்பிறப்பன்று காலையில் கணினி அணைந்து நான் அலறும்போது அவருக்கு ஒரு திருப்தி.

மறுபடியும் இந்தப் பெரியவரைக் கூப்பிடுவேனா என்றால், ஏற்கனவே கூப்பிட்டுவிட்டேன். அடுத்த வீட்டுக்காரர் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். கார் நிறுத்துமிடத்தில் மின்னூட்டி வைக்க வேண்டுமாம். 2023 டிசம்பர் 8 முதல் மின்னூட்டிகளுக்கென்று தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது: நிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் அளித்த வகையாக இருக்க வேண்டும், ஆணையத்தில் பதிவும் செய்ய வேண்டும். சுவரில் மாட்டும் வேலை வழக்கம்போல உரிமம் பெற்றவர் கையில்தான். அடுத்த வீட்டுக்காரருக்காக எந்த மின்னூட்டி வாங்கலாம், எவ்வளவு ஆகும், எப்போது வருவீர்கள் என்று நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது: டிபி பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த மாதம் வருகிறேன்.